மத்தளச் சத்தத்தை வெட்டி எறிந்தவர்களுக்கு

சனிக்கிழமை இரவிலிருந்து அந்த வீடியோ என் போனுக்கு வந்துகொண்டே இருக்கிறது. எந்த வீடியோ என்று மட்டக்களப்பில் இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சிலர் சிரிப்புப் பொம்மை போட்டு அனுப்பினீர்கள். சிலர் "இதைப் பார்த்தீங்களா அண்ணன்" என்று கவலையோடு அனுப்பினீர்கள். ஆறட்டும் என்று பேசாமல் இருந்தேன். ஆறவில்லை.

சனிக்கிழமை இங்கே நடந்த இசை நிகழ்ச்சியில், இந்தியாவிலிருந்து வந்த பாடகர் மேடை ஏறுவதற்கு முன்னால் நம்முடைய கூத்துக் குழுவுக்குக் கொஞ்ச நேரம் ஒதுக்கியிருந்தார்கள். கூத்தைப் பழக்கி நடத்துகிற ஆசானான அண்ணாவியார் மத்தளத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அடிக்கத் தொடங்கினார். முன்வரிசையில் நின்ற கூட்டம் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, தங்கள் முகத்தை லைவ் போட்டது. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அவர் கண்ணை மூடித் தலையை ஆட்டி அடிக்கிறதை ஒருவர் எடுத்து, மத்தளச் சத்தத்தை முழுதாக வெட்டிவிட்டு, ஒரு பகிடிப் பாட்டை ஒட்டி ரீல்ஸ் போட்டார். ஊர் முழுக்கச் சிரிக்கிறது.

நான் கேட்பது ஒன்றுதான். இசை நிகழ்ச்சிக்குப் போய், இசையை வெட்டி எறிந்துவிட்டு, படத்தை மட்டும் கொண்டுவந்தீர்கள் என்றால் எதற்குப் போனீர்கள்?

சத்தத்தை எடுத்துவிட்டால் எந்த மத்தளக்காரனும் பைத்தியக்காரன் போலத்தான் தெரிவான். அந்தத் தலையாட்டல் சும்மா வருவதில்லை. கூத்தில் மத்தளம்தான் ஆட்டக்காரனின் கால். அடி நின்றால் கால் நிற்கும், அடி மாறினால் ஆட்டம் மாறும். ஆடுகிறவன் பாட்டை விட்டுவிட்டால் எடுத்துக் கொடுக்கவும், பிற்பாட்டுக்காரர்களை இழுத்துக்கொண்டு போகவும், தாளம் போடுகிற சல்லரிக்காரனைக் கண்ணால் அடக்கவும் அண்ணாவியார்தான் இருக்கிறார். இவ்வளவும் அந்த ஒரு தலைக்குள் ஓடுகிறது. உங்களுக்கு அது பகிடி.

என் பெரியப்பா மத்தளம் அடித்தவர். நாங்கள் படுவான்கரைப் பக்கம், வாவிக்கு மேற்குக் கரை. ஒரு கூத்து என்றால் மாதக்கணக்கில் பழக்கம் நடக்கும். ஆளாளுக்கு உரிய பாட்டைப் பிரித்துச் சட்டம் கொடுத்து, சதங்கை அணிந்து, கிழமைக்குக் கிழமை கிழமைக்கூத்து ஆடி, கடைசி ஒத்திகையாக அடுக்குப் பார்த்து, அதற்குப் பிறகுதான் அரங்கேற்றம். பகலெல்லாம் வயலில் நின்ற மனுசன் இரவில் மத்தளத்தோடு உட்காருவார். அரங்கேற்றத்தன்று கூத்தாடுகிற வட்டக்களரியைச் சுற்றி நாலு பக்கமும் பாய் விரித்துச் சனம் விடியும்வரை இருக்கும். பிள்ளைகள் மடியில் நித்திரை. பெரியப்பாவின் மத்தளம் ஓர் அடி பிசகினால், இருட்டுக்குள் இருந்து ஏதாவது ஒரு கிழவி "என்ன தம்பி, நித்திரையா?" என்று கேட்பாள். அந்தக் கிழவிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் கேட்கத் தெரியும். சண்டைக் காலத்தில் அந்த விடிய விடியக் கூத்தெல்லாம் எங்கள் பக்கத்தில் நின்றுபோனது. பொழுதுபட்டால் யார் வெளியே வருவது? பெரியப்பா வீட்டுக்குள் மத்தளத்தைத் துணியால் சுற்றி வைத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் எனக்கு இது சும்மா ஒரு ரீல்ஸ் இல்லை.

இப்போது ஒரு கூட்டம் கேட்கும் என்று தெரியும்: "அண்ணன், நீங்களும் பேஸ்புக்கில் படம் போடுகிறீர்கள்தானே?" போடுகிறேன். கோயில் திருவிழாப் படம் போடுகிறேன், மகள் பரிசு வாங்கினதைப் போடுகிறேன். படம் போடுவதைப் பற்றி யார் பேசினார்கள்? கேட்பதற்கென்று ஓர் இடத்துக்குப் போய், அதைக் கேட்காமல், தான் அங்கே நின்றதை மட்டும் ஊருக்குக் காட்டுவதைப் பற்றிப் பேசுகிறேன். தயவுசெய்து இரண்டையும் ஒன்றாகக் குழைக்காதீர்கள்.

இன்னொருவர் வருவார்: "முந்தியும் கூத்துக் களரியில் சொந்தக்காரர் சால்வை போர்த்தி, காசு கொடுத்து, மைக்கில் பேர் சொல்ல வைத்தார்கள். அது மட்டும் காட்டிக்கொள்வது இல்லையா?" உண்மை, அதுவும் காட்டிக்கொள்வதுதான். ஆனால் அந்தச் சால்வை யாருக்குப் போனது? ஆடினவனுக்குப் போனது. அந்தக் காசு யார் கையில் விழுந்தது? ஆடினவன் கையில். உங்கள் ரீல்ஸில் அந்த அண்ணாவியாருக்கு என்ன போனது? பேர் கூடப் போடவில்லையே.

"இளம் பிள்ளைகள், சந்தோசமாக இருக்கட்டும். முப்பது வருசம் சண்டைக்குள் கிடந்த சனம்" என்று எழுதுவார்கள். இதற்கு மட்டும் நான் உடனே பதில் சொல்ல மாட்டேன், ஏனென்றால் அந்தச் சண்டைக்குள் கிடந்தவர்களில் நானும் ஒருவன். இரவில் வெளிச்சம் போட்டு, ஆயிரக்கணக்கில் சனம் கூடி, பயமில்லாமல் பாடுவது எவ்வளவு பெரிய விசயம் என்று எனக்குச் சொல்லித் தர வேண்டாம். ஆடுங்கள், கத்துங்கள், பாடகரோடு சேர்ந்து பாடுங்கள். தொண்டை கிழியப் பாடுகிறவன் கேட்கிறவன்தான். அவனிடம் எனக்குக் கோபமே இல்லை. பாட்டு நடுவில் வரும்போது "மச்சான், இந்தப் பக்கத்தால எடு, மேடையும் படத்தில விழவேணும்" என்று பக்கத்தில் நிற்கிறவனின் காதுக்குள் கத்துகிறவனிடம்தான் கோபம்.

இது நம்முடைய ஊர் வியாதி மட்டும் இல்லை, அது தெரியும். 2017இல் பஹாமாஸில் ஃபயர் என்று ஓர் இசைவிழாவை இன்ஸ்டகிராம் பிரபலங்களின் படங்களை வைத்தே விற்றார்கள். போனவர்களுக்குக் கிடைத்தது கூடாரமும் பாணும் சீஸும். சொன்ன பாடகர்கள் மேடை ஏறவே இல்லை. நடத்தினவர் சிறைக்குப் போனார். மறுபக்கம், அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் தன் பல நிகழ்ச்சிகளில் வருகிறவர்களின் போனைப் பூட்டுப் போட்ட பையில் வைக்கச் சொல்கிறார். அதைக் கேட்டு உலகம் அழிந்துவிடவில்லை. நம் பக்கத்திலேயே, 2024 பெப்ரவரியில் யாழ்ப்பாணம் முற்றவெளியில் பாடகர் ஹரிஹரனின் நிகழ்ச்சியில் சனம் தடுப்புகளை உடைத்துக்கொண்டு முன்னுக்குப் பாய்ந்தது. ஒழுங்கு செய்தவர்களின் பிழையா, சனத்தின் பிழையா என்று அப்போது எல்லோரும் சண்டை பிடித்தோம். முன்னுக்கு நின்றால்தான் மதிப்பு என்ற நினைப்பை யாரும் தொடவில்லை.

அந்த நினைப்பு இப்போது எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள். நிகழ்ச்சிக்கு முதல் நாளே விஐபி கைப்பட்டியைப் படம் எடுத்து ஸ்டோரி. மறுநாள் யார் எந்த வரிசையில் இருந்தார் என்று விசாரணை. பின்னால் நின்றவன் படம் போட வெட்கப்படுகிறான். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் முன்வரிசை டிக்கெட்டுக்காகத் தாயின் சங்கிலி அடகுக்குப் போனது. அந்தத் தாய் என்னிடம் சொன்னபோது கோபப்படவில்லை, "பிள்ளை மற்றப் பிள்ளையளுக்கு முன்னால குறைஞ்சு நிக்கக் கூடாதுதானே" என்றார். யாருக்கு முன்னால் குறைந்து? பாட்டுக்கு முன்னாலா? போனுக்கு முன்னாலா?

மட்டக்களப்பான் கேட்கத் தெரிந்தவன் என்றுதான் நான் வளர்ந்தேன். கல்லடிப் பாலத்தடியில் பறுவ இரவில், முழுநிலவில், தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணிக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்து மீன் பாடுகிறதைக் கேட்ட ஊர் இது. புனித மிக்கேல் கல்லூரியின் லாங் அடிகளார் 1954இல் அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து, அது இலங்கை வானொலியில் போனது. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள், வழக்கொழிந்துபோன யாழின் இசையைத் தேடிப் பதினான்கு வருசம் ஆராய்ந்தார். அந்த ஆராய்ச்சியில் பிறந்த யாழ் நூல் அரங்கேறியது 1947 ஜூனில், ஜூலையில் அவர் இல்லை. அவருக்குச் சிலை வைக்கிறோம், ஊர்வலம் போகிறோம், அவர் பிறந்தநாளுக்குப் பூப்போட்ட படம் பகிர்கிறோம். சனிக்கிழமை முதுகைக் காட்டி நின்றவர்களில் சிலரின் பேஸ்புக் பக்கத்தில் "கூத்து எங்கள் அடையாளம்" என்ற வரியைப் பார்த்தேன். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு நித்திரை போனது. சிரித்தவனை விட அந்த வரியைப் போட்டவனிடம்தான் எனக்கு நோகிறது.

"பணம் கொடுத்து டிக்கெட் எடுத்தவன் எப்படியும் நிற்பான்" என்று எழுதப்போகிறவருக்கு நான் பதில் எழுதப்போவதில்லை.

அந்த ரீல்ஸ் போட்ட தம்பி, உங்கள் பேரை நான் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். கீழே யாரும் எழுதினால் அழிப்பேன். உங்கள் வீட்டுக்கு யாரும் போகவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். ஆனால் அந்த வீடியோவின் முழுப்பதிவும் இன்னும் உங்கள் போனில் இருக்கும். பகிடிப் பாட்டை எடுத்துவிட்டு, மத்தளச் சத்தத்தோடு, அண்ணாவியாரின் பேரையும் போட்டு, ரீல்ஸ் போட்ட அதே பக்கத்தில் திரும்பப் போடுங்கள். அதை நான்தான் முதல் ஆளாகப் பகிர்வேன்.