முகப்பு மட்டும் செட்டிநாடு

எங்கள் ஊர்க் கடைவீதியின் நடுவில், பழைய காய்கறி மார்க்கெட் இருந்த இடத்தைச் சுற்றி நீல நிறத் தகரம் அடித்து மறைத்து ஒன்றரை ஆண்டு ஆகிவிட்டது. அந்தத் தகரத்துக்கு மேலே மூன்று ஆள் உயரத்துக்கு ஒரு பதாகை நிற்கிறது. “செட்டிநாட்டுக் கலைநயத்துடன் நவீன நாளங்காடி, நகர மைய மேம்பாடு” என்று அதில் எழுதியிருக்கிறார்கள். செட்டிநாட்டில் எந்த ஊர் என்று மட்டும் கேட்காதீர்கள். இருபத்திரண்டு பேர் உட்கார்ந்து சாப்பிடக்கூடிய ஒரு சிறிய மெஸ் வைத்துப் பிழைக்கிறவன் நான். ஊர்ப் பெயரைப் போட்டால் மறுநாளே வாசலில் இருக்கும் குப்பைத்தொட்டிக்குக்கூட அபராதச் சீட்டு கிழிப்பார்கள்.

அந்தப் பதாகையை தினமும் கடந்து போகிறேன், மனப்பாடமே ஆகிவிட்டது. இரண்டு மாடிக் கட்டடம், மேற்குப் பார்த்த முன்பக்கம் முழுவதும் கண்ணாடி. கண்ணாடிக்கு முன்னால், பர்மாத் தேக்கு என்று நாம் நினைத்துக்கொள்ள வேண்டிய எட்டுத் தூண்கள். (ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளரைக் கேட்டேன், ஃபைபராம்.) தூண்களுக்கு நடுவே ஆத்தங்குடித் தரைக்கல் போல அச்சடித்த சுவர். வாசலில், இந்த மண்ணில் நான் எங்கும் கண்டிராத ஏதோ ஒரு மரம் வரிசையாக நிற்கிறது. கோட்டு அணிந்த பெண் ஒருத்தி, பலூன் வைத்திருக்கும் செம்பட்டைத் தலைப் பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்துப் போகிறாள். சித்திரை வெயிலில் கோட்டு மாட்டிக்கொண்டு இந்த ஊருக்குக் கத்தரிக்காய் வாங்க வருகிறவளை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்பது என் ஆசை. படத்தில் ஒரு சாக்கு மூட்டை இல்லை, தலைச்சுமை இல்லை, தராசு இல்லை, பின்கதவைத் திறந்துகொண்டு நிற்கும் ஒரு குட்டி யானை வண்டி இல்லை. காய்கறியே இல்லை. மார்க்கெட்டின் படத்தில் காய்கறி இல்லை என்பதை வரைந்தவரும் கவனிக்கவில்லை, ஒப்புதல் கையெழுத்துப் போட்டவரும் கவனிக்கவில்லை.

முன்பெல்லாம் விடியற்காலை ஐந்து மணிக்கு மெஸ்ஸிலிருந்து நடந்தே போய், சின்ன வெங்காயம், கருணைக்கிழங்கு, வாழைப்பூ என்று வேண்டியதை வாங்கி, அதே வளாகத்தின் கோடியில் தொண்டியிலிருந்து வந்து இறங்கும் மீனையும் செவுளைத் தூக்கிப் பார்த்து எடுத்துக்கொண்டு, ஆறு மணிக்கெல்லாம் அடுப்பை மூட்டிவிடுவேன். இப்போது காய்கறிக் கடைகள் புறவழிச்சாலை ஓரத்து மைதானத்தில் இருக்கின்றன. மீன் ஊரின் மறுகோடியில். தற்காலிக ஏற்பாடு ஆறு மாதத்துக்குத்தான் என்றார்கள். மூன்று ஆறு மாதம் முடிந்துவிட்டது. ஐப்பசி மழை பிடித்தால் அந்த மைதானம் வயலாகிவிடும். நாற்று நடுவது ஒன்றுதான் பாக்கி. போன மழையில் ஒரு பெட்டித் தக்காளியோடு வழுக்கி விழுந்து, முழங்கால் வீங்கி, அன்றைய ரசத்தைப் புளியை மட்டும் நம்பி வைத்தேன். ஆட்டோவுக்குக் கொடுக்கும் கூலியைச் சாப்பாட்டு விலையில் ஏற்றினால் வாடிக்கையாளர் முகம் சுளிக்கிறார், ஏற்றாவிட்டால் என் கை சுடுகிறது. கடைவீதியும் களையிழந்துவிட்டது. மார்க்கெட்டுக்கு வரும் கூட்டத்தை நம்பியிருந்த பாத்திரக்கடைக்காரர் பகலில் கல்லாவிலேயே தூங்குகிறார். மேம்பாடு என்ற பெயரில் அங்கே இதுவரை வந்து சேர்ந்தவை, தோண்டிய மண்ணை அள்ளாமல் விட்ட வடிகாலும், கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும் பாதி மூடிகளும், ஒருநாளும் எரியாத அலங்கார விளக்குக் கம்பங்களும்தான்.

புது மார்க்கெட்டே வேண்டாம் என்று சொல்கிறவன் அல்ல நான். பழையது நரகம். ஓட்டை விழுந்த கூரை, மழை பெய்தால் திரும்பி வந்து காலை நனைக்கும் சாக்கடை, கொக்கி போட்டு இழுத்த மின்கம்பிகள், பெண் வியாபாரிகள் ஒதுங்குவதற்கு ஒரு கழிப்பறைகூட இல்லாத அவலம். அதை இடித்துக் கட்ட வேண்டும் என்று கையெழுத்து வாங்கியபோது முதல் பத்துப் பெயர்களில் என் பெயர் இருந்தது. இடிக்கும் இயந்திரம் வந்த அன்று வேலையை விட்டுவிட்டு ஓடிப்போய் வேடிக்கை பார்த்தேன். இப்போதும், சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒவ்வொரு காலையும் அந்தத் தகரத்தின் இடுக்கில் கண்ணை வைத்து, தூண் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் போகிறேன். இத்தனை ஆசையோடு காத்திருப்பதனால்தான் வயிறு எரிகிறது.

மேற்பார்வையாளர் ஒருநாள் டீக்கடையில் வைத்துக் கைப்பேசியில் தரைத்தளப் படத்தைக் காட்டினார். தரைத்தளம் முழுவதும் வாகனம் நிறுத்துமிடமாம். காய்கறிக் கடைகள் முதல் மாடியிலாம். ஏறுவதற்கு ஒரு படிக்கட்டும் ஒரு மின்தூக்கியும் உண்டாம். ஐம்பது கிலோ வெங்காய மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு படியேறப் போகிறவர் யார் என்று கேட்டேன். மின்தூக்கியில் போகும் என்றார். மின்சாரம் போனால் என்ன செய்வது என்று கேட்டேன். ஜெனரேட்டர் வரும் என்றார். அதற்கு டீசல் யார் ஊற்றுவது என்று கேட்டதற்கு டீயைக் குடித்து முடித்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்லவில்லை. வரைந்து கொடுத்ததைக் கட்டுவது அவர் வேலை. வரைந்தவர் தன் வாழ்நாளில் இரண்டு கையிலும் பை தூக்கிக்கொண்டு ஒரு மார்க்கெட்டை விட்டு வெளியே வந்ததில்லை என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

என்னை உண்மையிலேயே கொதிக்க வைப்பது “செட்டிநாட்டுக் கலைநயம்” என்ற அந்த இரண்டு சொற்கள். செட்டிநாட்டுக் கிராமங்களை 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்த்தார்களே, தூண் பளபளப்பாக இருக்கிறது என்பதற்காக மட்டுமா சேர்த்தார்கள்? முகப்பில் நின்று பார்த்தால் பின்வாசல் வரை ஒரே நேர்கோட்டில் காற்று ஓடும்படி, திண்ணை, பட்டாலை, முற்றத்தைச் சுற்றிய வளவு, இரண்டாங்கட்டு என்று வரிசை வைத்துக் கட்டினார்கள். ஓட்டுக்கூரையில் விழும் மழையை நடு முற்றத்துக்கு இறக்கினார்கள். தெருத் தண்ணீர் ஊருணிக்குப் போய்ச் சேரும்படி ஊரையே சரிவு பார்த்து அமைத்தார்கள். வெயில் கொளுத்தும் நண்பகலில் வளவின் தாழ்வாரத்தில் ஒரு பாயைப் போட்டுப் படுத்துப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு மார்க்கெட்டுக்கு வேண்டியதெல்லாம் அந்த வீட்டிலேயே இருக்கிறது: நடுவே திறந்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், வெப்பம் மேலே போக வழி, கழுவிய தண்ணீர் தானே ஓடிவிடும் தளம், சரக்கு இறங்கப் பின்தெருவில் ஒரு வாசல். இத்தனையையும் விட்டுவிட்டுத் தூணை மட்டும் ஃபைபரில் வார்த்து, மேற்கு வெயிலைக் கண்ணாடி வழியாக உள்ளே அழைத்து, கீரையை வாட்டி எடுக்கப் போகிறார்கள். அதற்குப் பெயர் கலைநயமாம். ஆத்தங்குடிக் கல்லை அச்சில் அடித்து ஒட்டுவதைப் பற்றித் தனியாகவே ஒரு பதிவு எழுதலாம். கண்ணாடிப் பலகையில் வண்ணம் ஊற்றி, கையால் வார்த்து, தண்ணீரில் ஊறப்போட்டு, வெயிலில் காயவைத்து எடுக்கிறவர்கள் பக்கத்து ஊரிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் பத்துக் கல் வாங்கவில்லை.

இப்படிக் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். திருச்சி காந்தி மார்க்கெட்டுக்கு மாற்றாகக் கள்ளிக்குடியில் பல கோடி ரூபாய் செலவில் கட்டி 2017-இல் திறந்த வளாகத்துக்கு, கடைகள் சிறியவை, இடம் தூரம் என்று சொல்லி வியாபாரிகள் போக மறுத்துவிட்டார்கள். இதற்கு மாறாக, 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய உழவர் சந்தைகளில் நான் பார்த்தவற்றில், தரையை ஒட்டிய மேடை, மேலே கூரை, பக்கங்களில் திறப்பு என்பதற்கு மேல் பெரிய அலங்காரம் கிடையாது. இருபத்தைந்து ஆண்டு கழித்தும் காலையில் அங்கே கால் வைக்க இடமிருக்காது.

சட்டம் தெரியாமல் பேசுகிறேன் என்று யாராவது சொல்லக்கூடும் என்பதால் அதையும் படித்துவிட்டேன். 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழு ஒன்று இருக்க வேண்டும். அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் தெரு வியாபாரிகளின் பிரதிநிதிகளாகவும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாகவும் இருக்க வேண்டும். ஐம்பது ஆண்டுக்கு மேல் வியாபாரம் நடந்துவரும், தானாகவே உருவான சந்தைகளைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும், அங்கிருக்கும் தெரு வியாபாரிகளை இடம் மாற்றக் கூடாது என்றும் அதன் இரண்டாம் அட்டவணை சொல்கிறது. எங்கள் மார்க்கெட் வாசலில் என் தாத்தா காலத்திலிருந்து தரைக்கடை போடுகிறார்கள். குழு எப்போது கூடியது என்று கேட்டால், எந்தக் குழு என்று திருப்பிக் கேட்கிறார்கள்.

அந்த வாசலில் கீரை விற்ற ஆத்தா ஒருவர் இப்போது மைதானத்தின் ஓரத்தில், சேறு படாமலிருக்கச் சாக்கின் மேல் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கிறார். தண்ணீர் தெளித்த ஈரத்துணியைக் கீரைக்கட்டுகளின் மேல் போர்த்தி, நான் கேட்கும்போது மட்டும் ஒரு முனையைத் தூக்கிக் காட்டுவார். போன வாரம் கடைவீதிப் பக்கம் வந்தவர் என்னைப் பார்த்ததும் பதாகையைக் காட்டி, “தம்பி, இதுல நான் ஒக்கார்ற எடம் எங்கப்பா இருக்கு? எனக்குப் படிக்கத் தெரியாது” என்றார். இது எழுத்து இல்லை ஆத்தா, படம்தான் என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டு, நானும் தேடினேன். தூணுக்குக் கீழே தேடினேன், அந்த ஊர்பேர் தெரியாத மரத்தடியில் தேடினேன். அவர் உட்கார்ந்த மூலை இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஒப்புதல் பெற்ற வரைபடத்தின் நகலைக் கேட்டேன். 30 நாளில் பதில் தர வேண்டும். முப்பத்தொன்பதாம் நாள், கோப்பு உயர் அலுவலரின் பார்வையில் உள்ளது என்று ஒரு வரி வந்தது. கட்டடம் முதல் தளம் வரை எழும்பிவிட்டது, கோப்பு இன்னும் பார்வையில் இருக்கிறது! மேல்முறையீடு அனுப்பியிருக்கிறேன். வரைபடத்தைத் தமிழில் குறிப்புகளோடு பெரிதாக அச்சிட்டு, ஒரு வாரம் அந்த மைதானத்திலேயே தொங்கவிடுங்கள், மூட்டை தூக்குகிறவரும் மீன் வெட்டுகிறவரும் வந்து குறை சொல்லட்டும் என்று தனியாக ஒரு மனுவும் கொடுத்திருக்கிறேன். மனு எழுதும் முன் கீரைக்கார ஆத்தாவிடம் எவ்வளவு இடம் போதும் என்று கேட்டேன். அவர் எழுந்து நின்று, தன் சாக்கை ஓரம் பார்த்து இழுத்துச் சரிசெய்து, காலடியால் அளந்து காட்டினார். நான்கடிக்கு மூன்றடி, மேலே நிழல், பக்கத்தில் தண்ணீர்க் குழாய், ஏறுவதற்குப் படி இருக்கக் கூடாது என்று அப்படியே எழுதி, ஒப்புகைச் சீட்டு வாங்கிக் கல்லாப்பெட்டியில் வைத்திருக்கிறேன்.