முழங்காலுக்குள் கமரா விடுவதற்கு முதல்

பெரியம்மாவுக்கு 58 வயது. படுவான்கரை வயலில் புல்லுப் பிடுங்கியும் வெட்டுக்குப் போயும் தேய்ந்த முழங்கால். இரண்டு வருடத்துக்கு முதல் கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து, "சவ்வு கிழிஞ்சிருக்கு, கமரா விட்டுத் துப்புரவாக்கினால் சரியாகும் எண்டாங்க மனே" என்று வந்து சொன்னா. சவ்வு என்பது முழங்கால் எலும்புகளுக்கு இடையில் மெத்தை மாதிரி இருப்பது. சின்னத் துளை போட்டுக் கமராவை உள்ளே விட்டுச் செய்யும் சத்திரசிகிச்சை அது. காப்பை அடகு வைத்துத்தான் செய்தோம். நாலு மாதம் நல்லா நடந்தா. அப்புறம் பழைய நோவே திரும்பி வந்தது. காப்பு இன்னும் மீளவில்லை.

அதற்குப் பிறகுதான் தேடி வாசித்தேன். மனம் கொதித்துப் போனது.

அமெரிக்காவின் ஹூஸ்டனில், முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ள 180 பேரை வைத்து இந்தக் கமரா சத்திரசிகிச்சை பற்றி ஓர் ஆய்வு நடந்தது. சிலருக்கு மூட்டைக் கழுவினார்கள், சிலருக்குச் சுரண்டித் துப்புரவாக்கினார்கள். மிச்சப் பேருக்குத் தோலில் மட்டும் கீறித் தைத்துவிட்டார்கள். தனக்கு எது நடந்தது என்று நோயாளிக்குத் தெரியாது. இரண்டு வருடம் பார்த்தும், உண்மையான சத்திரசிகிச்சை பெற்றவர்களுக்கு நோவு கூடுதலாகக் குறையவில்லை. வெளியானது 2002இல்! 2013இல் பின்லாந்தில், தேய்மானத்தால் சவ்வு கிழிந்த 146 பேரிடமும் இப்படியே செய்து பார்த்தார்கள். ஒரு வருட முடிவில் அங்கேயும் வித்தியாசமில்லை.

கிழிவு என்ற சொல்லே எங்களைப் பயப்படுத்திவிடுகிறது. அமெரிக்காவின் பிரேமிங்காமில் 50 வயதுக்கு மேற்பட்ட 991 பேரை ஸ்கேன் செய்தபோது, சவ்வு கிழிந்திருந்தவர்களில் 61 வீதமானோருக்கு முந்தின மாதம் முழங்காலில் ஒரு நோவும் இருக்கவில்லை. நரை விழுவது போல அதுவும் விழுகிறது.

கமரா சத்திரசிகிச்சையே கூடாது என்று நான் சொல்லவில்லை. பந்தடிக்கும்போது கால் முறுகி, மூட்டு பூட்டுப் போட்ட மாதிரி இறுகிப்போன பொடியனுக்கு அது தேவைப்படலாம். இடுப்பு மூட்டில் எலும்பு உரசுகிறவர்கள் 348 பேரைப் பிரித்தானியாவில் ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார்கள். அதில் பயிற்சியை விடச் சத்திரசிகிச்சை ஓரளவு கூடுதல் பலன் தந்தது. என் ஆத்திரமெல்லாம், தேய்ந்த முழங்காலோடு வருகிற ஐம்பது வயதுக்காரருக்கு இதையெல்லாம் யாரும் சொல்லாமல் விடுவதில்தான்.

இப்போது பெரியம்மா பிசியோவுக்குப் போறா. சோறு வேகும் நேரத்தில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து, கணுக்காலில் மணல் பை கட்டி, காலை நேரே நீட்டிப் பத்து எண்ணுவா. நோவு முழுதாகப் போகவில்லை. ஆனால் கோயில் படியைக் கைபிடிக்காமல் ஏறுறா.

பக்கத்து வீட்டு மாமிக்கும் இப்போது திகதி குறித்திருக்கிறார்கள். திங்கட்கிழமை அவவோடு நானும் போகிறேன். "மூன்று மாதம் பயிற்சி செய்துவிட்டு வந்தால் என்ன டொக்டர்?" என்று கேட்க வேண்டும்.