பயந்தவரைப் பேராசைக்காரர் என்னாதீர்கள்

போலீஸ் போல நடித்து வீடியோ அழைப்பிலேயே 'கைது' செய்து பணம் பறிக்கும் 'டிஜிட்டல் அரெஸ்ட்' மோசடியில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் பணத்தை இழந்த செய்திக்குக் கீழே நேற்று வந்த கமெண்ட்டுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "பேராசை பெருநஷ்டம்." "டீச்சருக்கே அறிவில்லையா?" எழுதியவர்களில் சிலர் என் நண்பர்கள். அதுதான் தாங்கவில்லை.

இதில் பேராசை எங்கே வந்தது? டிஜிட்டல் அரெஸ்ட்டில் லாபம் தருவதாக யாரும் சொல்வதில்லை. உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்தது என்பார்கள். வீடியோ அழைப்பில் காக்கிச்சட்டையோடு ஒருவன் உட்கார்ந்திருப்பான். போனை வைக்கக் கூடாது, வீட்டில் மூச்சு விடக் கூடாது, பணத்தை அனுப்பினால் சரிபார்த்துத் திருப்பித் தருவோம் என்பான். ஆயுள் முழுக்கச் சட்டத்துக்குப் பயந்து வாழ்ந்தவர்தான் இதை நம்புவார். அது பயம். பேராசை இல்லை.

ஜவுளி நிறுவனமான வர்த்தமான் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வாலிடம் 2024-ல் போலி உச்ச நீதிமன்ற விசாரணையையே நடத்திக் காட்டி 7 கோடி ரூபாய் பறித்தார்கள். அவர் புகார் கொடுத்தார், 5 கோடிக்கு மேல் மீட்கப்பட்டது.

இதே மோசடியில் சிக்கிய என் சித்தி வாயே திறக்கவில்லை. எங்களுக்குத் தெரிவதற்குள் பணம் கணக்கு மாறிக் கணக்கு மாறி எங்கேயோ போய்விட்டது. உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிட்டிருந்தால் போய்ச்சேர்ந்த கணக்கிலேயே முடக்க வாய்ப்பு இருந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "சொன்னா எல்லாரும் சிரிப்பீங்களேடி" என்றார். உங்கள் கமெண்ட்டுகளைப் படித்தபோது சித்தி பயந்தது நியாயம்தான் என்று தோன்றியது.

"அப்போ ஜாக்கிரதையா இருக்க வேண்டாமா?" என்பீர்கள். வேண்டும். நம் சட்டத்தில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்றே கிடையாது. எந்தப் போலீஸும் வீடியோவில் கைது செய்யாது, பணம் அனுப்பச் சொல்லாது. போனை வைத்துவிட்டுப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். இதை உங்கள் அம்மாவிடம் உட்கார்ந்து சொல்லியிருக்கிறீர்களா? காலர் ட்யூனிலேயே சொன்னார்களே என்று ஒருவர் வாதாடினார். அவருக்குப் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

பிக்சட் டெபாசிட்டை முதிர்வுக்கு முன்பே உடைக்கச் சித்தி வங்கிக்குப் போனார். கை நடுங்கியதில் கையெழுத்து பொருந்தவில்லை. மறுபடி போடச் சொன்னார்கள். "ஏம்மா, என்ன அவசரம்?" என்று அங்கே ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவர்களைப் பற்றி யாரும் ஒரு கமெண்ட்கூடப் போடவில்லையே, ஏன்?