பிள்ளை போவதற்கு முன்பே கையெழுத்து விழவேண்டும்

நேற்றுப் பின்னேரம் மாங்குளம் பக்கத்தில் இருந்து ஒரு ஐயா போன் எடுத்தார். மகன் மூன்றாம் வருடம் படிக்கிறான். ஐரோப்பாவில் ஒரு செமஸ்டர் இருந்து படிக்க இடம் கிடைத்திருக்கிறது. "தங்கச்சி, ஏஜென்சிக்கு எவ்வளவு கட்டவேணும்?" என்பதுதான் முதல் கேள்வி. ஒரு சதமும் வேண்டாம் ஐயா, இது இரண்டு பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் செய்துகொள்ளும் மாணவர் பரிமாற்றம், அங்கே படிப்புக் கட்டணம் இல்லை என்றேன். நம்பினாரோ தெரியாது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அடுத்ததைக் கேட்டார். "பிள்ளை திரும்பி வந்தா, அங்க படிச்சதைக் கம்பஸில கணக்கில எடுப்பினமோ? இல்லாட்டி ஒரு வருசம் போயிடுமோ?"

"எடுப்பினம் ஐயா" என்று உறுதியாகச் சொல்ல என்னால் முடியவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் பதினொரு வருடம் நோர்வேயில் ஒரு பல்கலைக்கழகத்தின் பரிமாற்ற அலுவலகத்தில் வேலை செய்தேன். வெளிநாட்டுப் பிள்ளைகளை வரவேற்பதும் அங்குள்ள பிள்ளைகளை வெளியே அனுப்புவதும்தான் வேலை. இப்போது கிளிநொச்சியில் இருக்கிறேன். சனிக்கிழமைகளில் வன்னிப் பிள்ளைகளுக்குப் படிவம் நிரப்ப உதவுகிறேன். மேசையின் இரண்டு பக்கமும் இருந்து பார்த்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: பரிமாற்றம் என்பதில் பிள்ளையை விமானம் ஏற்றுவது சின்ன வேலை. அது திரும்பி வந்ததும், விட்ட இடத்தில் இருந்து தன்னுடைய பாட்ச்சோடு படிப்பைத் தொடரச் செய்வதுதான் பெரிய வேலை. அந்த வேலையைத்தான் நாங்கள் செய்யாமல் விட்டிருக்கிறோம்.

வன்னியில் இன்று இடம் இல்லாமல் இல்லை. 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகத் தொடங்கிய வவுனியா வளாகம் 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகம் ஆனது. பம்பைமடுவில் பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கைகள், தொழில்நுட்பம் படிக்கிறார்கள். அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் இருக்கின்றன. பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். வெளியே புரிந்துணர்வு ஒப்பந்தங்களும் எழுதப்படுகின்றன. ஒப்பந்தம் இல்லாமல் ஒன்றும் நடக்காது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுந்த அடுத்த நாள் காலையில் யார் என்ன செய்யவேண்டும் என்று எவரும் எழுதிவைப்பதில்லை.

ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒட்டுசுட்டான் பக்கத்துப் பிள்ளை. எந்த நாட்டுக்குப் போனாள், இங்கே எங்கே படித்தாள் என்பது வேண்டாம். ஒரு செமஸ்டர் போய், 30 ஈசிடிஎஸ் (ஐரோப்பாவில் படிப்பின் அளவை எண்ணும் முறை) கிரெடிட் எடுத்து, எல்லாப் பாடமும் சித்தியடைந்து வந்தாள். வந்ததும் பீடத்தில் சொன்னது, "பாடத்தின் பெயர் எங்கள் பாடத்தின் பெயரோடு பொருந்தவில்லை." ஜூனியர் பாட்ச்சோடு இருந்து திரும்ப எழுதினாள். அங்கே படித்த பாடங்களும் முடிவுகளும் எழுதிய ரான்ஸ்கிரிப்ட்டை மழையில் நனையாமல் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, உறையின் வாயை ஸ்டேப்ளர் அடித்து என்னிடம் கொண்டுவந்தாள். ஒவ்வொரு அலுவலகமாகக் காட்டிக் காட்டி ஸ்டேப்ளர் கழற்றிய ஓட்டைகள் உறையின் விளிம்பு முழுக்க இருந்தன. "அக்கா, நான் போயிருக்கக் கூடாதோ?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை ஒரு பிள்ளையின் வாயில் வரவைத்தது எங்கள் எல்லோருடைய குற்றம்.

இத்தனைக்கும் கணக்கு மிகவும் சின்னது. ஐரோப்பாவில் ஒரு கல்வியாண்டுக்கு 60 ஈசிடிஎஸ், ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணித்தியாலப் படிப்பு. இலங்கையின் தகைமைச் சட்டகத்தில் ஒரு கல்வியாண்டுக்கு 30 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 50 மணித்தியாலம். ஆக, அவர்களுடைய இரண்டு எங்களுடைய ஒன்று. அங்கே 6 கிரெடிட் பாடம் என்றால் இங்கே 3 கிரெடிட். அவள் கொண்டுவந்த 30 இங்கே 15, அதாவது ஒரு முழு செமஸ்டர். பாடத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டு நிற்காமல், அதில் என்ன படித்தாள், படித்து முடித்ததும் என்ன செய்யத் தெரியும் என்று பார்த்தால் பத்து நிமிட வேலை.

அந்தப் பத்து நிமிடத்தைப் பிள்ளை போவதற்கு முன்பே செலவழிக்கவேண்டும். அதற்கென்றே ஒரு படிவம் இருக்கிறது, லேர்னிங் அக்ரிமென்ட் என்பார்கள். அங்கே எடுக்கப்போகும் பாடம் ஒரு பக்கம், அதற்குப் பதிலாக இங்கே எந்தப் பாடம் கழிபடும் என்பது மறுபக்கம். கீழே பிள்ளையின் கையெழுத்து, அனுப்பும் இடத்தின் கையெழுத்து, ஏற்கும் இடத்தின் கையெழுத்து. நடுவில் இருக்கிற அந்த அனுப்பும் இடத்தின் கையெழுத்து, "திரும்பி வந்ததும் இவற்றை ஏற்போம்" என்று நாங்கள் கொடுக்கும் வாக்கு. பல நேரம் அதை விசாவுக்கான ஒரு கடதாசி என்று நினைத்து, பார்க்காமலே போட்டுவிடுகிறோம். போய்ச் சேர்ந்தபிறகு பாடம் மாறினால் படிவத்தையும் மாற்றித் திரும்பக் கையெழுத்து வாங்கவேண்டும் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லிவிடவும் ஆள் இல்லை.

"அனுப்பினால் திரும்பி வரமாட்டார்கள்" என்று சில பெரியவர்கள் சொல்கிறார்கள். அந்தப் பயத்தை நான் தள்ளிவிடவில்லை. வன்னியில் வெளிநாட்டில் ஆள் இல்லாத வீடு எத்தனை? ஆனால் ஒன்றை யோசியுங்கள். திரும்பி வந்தால் ஒரு வருடம் வீண், தன்னுடைய பாட்ச் பட்டம் வாங்கிப் போய்விடும் என்று தெரிந்த பிள்ளைக்குத் திரும்பி வர நாங்கள் என்ன காரணம் வைத்திருக்கிறோம்? அடுத்த செமஸ்டரின் பதிவு, விடுதி அறை, ஆராய்ச்சிக்கு ஒரு மேற்பார்வையாளர், இவை எல்லாம் தயாராக இருந்தால் அதுதான் பிள்ளையைக் கூட்டிவரும் கயிறு.

அப்புறம் பெயர். நோர்வேயில் இருந்தபோது ஒருநாள் பக்கத்து மேசைக்காரி ஒரு இலங்கைப் பிள்ளையின் கோப்பைக் கொண்டுவந்து, "இது மூன்று பேரா?" என்று கேட்டாள். பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பில் ஒரு எழுத்துக்கூட்டல், ரான்ஸ்கிரிப்ட்டில் இனிஷியலோடு வேறு, கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராக வேறு. எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை, முன்னால் நிற்பது தகப்பன் என்று விளக்கியதும் புரிந்துகொண்டாள். நான் அந்த மேசையில் இல்லாமல் இருந்தால் அந்தக் கோப்பு திரும்பிப் போயிருக்கும். இங்கே பல்கலைக்கழகத்தில் இந்த வேலையைப் பார்க்கும் அலுவலகம் முதல் வருடத்திலேயே பிள்ளைகளைக் கூப்பிட்டு, கடவுச்சீட்டில் எப்படியோ அப்படியே எல்லாவற்றிலும் எழுதவைத்தால் போதும். வேறுபாடு இருந்தால் ஒரு சத்தியக் கடதாசி. அவ்வளவுதான்.

எங்கள் பிள்ளைகளின் கோப்பில் இன்னொன்றும் இருக்கும். இன்று மூன்றாம் வருடம் படிக்கும் பிள்ளைக்கு 2009இல் ஐந்து, ஆறு வயது. தகப்பனைப் பற்றிக் கேட்கும் இடத்தில் பேனா நின்றுவிடும். மரணச் சான்றிதழ் எடுக்கத் தாய் சம்மதித்திருக்கமாட்டார். 2016இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, காணாமற்போனதாகச் சான்றிதழ் எடுக்கலாம். அப்படி ஒரு பத்திரம் உண்டென்றும், அதை ஆங்கிலத்தில் எப்படி விளக்கி ஒரு கடிதம் இணைக்கவேண்டும் என்றும் தெரிந்த ஒருவர் அந்த அலுவலகத்தில் இருக்கவேண்டும். பிள்ளையைத் திரும்பத் திரும்ப அந்தக் கதையைச் சொல்லவைக்கக் கூடாது.

காசு விஷயத்திலும் கேட்டால் கிடைப்பதைக் கேட்காமல் விடுகிறோம். எராஸ்மஸ் பிளஸ் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் பரிமாற்றத் திட்டம் கொடுக்கும் உதவித்தொகையின் முதல் பகுதி பல இடங்களில் பிள்ளை அங்கே போய் இறங்கிய பிறகுதான் கைக்கு வரும். டிக்கெட் ஆடியில் எடுக்கவேண்டும். காலபோக நெல் மாசி, பங்குனியில் காசாகி, ஆடிக்குள் உரக்கடனுக்கும் உழவுக்கூலிக்கும் போய்விடும். பிறகு என்ன, நகை அடகுக்குப் போகும். ஆனால் டிக்கெட்டை அங்குள்ள பல்கலைக்கழகமே நேரடியாக எடுத்துக்கொடுக்கத் திட்ட விதிகளில் இடம் உண்டு. வசதி குறைந்த பிள்ளைகளுக்கு மாதாமாதம் மேலதிகத் தொகையும் உண்டு. ஒரு மின்னஞ்சலில் கேட்கவேண்டிய விஷயம். நான் அந்தப் பக்கம் இருந்த வருடங்களில் இலங்கையில் இருந்து அப்படிக் கேட்டு வந்த மின்னஞ்சல்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். கேட்டவர்களுக்குக் கொடுத்தோம்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. இந்தத் திட்டத்துக்கு நாங்கள் நேரே விண்ணப்பிக்க முடியாது, ஐரோப்பியப் பல்கலைக்கழகம்தான் விண்ணப்பிக்கவேண்டும். முடிவுத்தேதி வழக்கமாகப் பெப்ரவரியில் வரும். தை மாதம் விழித்துக்கொண்டு கடிதம் எழுதினால் அவர்கள் தங்கள் பட்டியலை முடித்திருப்பார்கள். ஐப்பசிக்குள் அவர்கள் மேசையில் எங்கள் பெயர் இருக்கவேண்டும். எங்கள் செமஸ்டர் நாட்காட்டியும் வேறு தள்ளித் தள்ளிப் போகிறது. 2024இல் கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தம் மட்டும் இரண்டு மாதத்துக்கு மேல் இழுத்தது. பரீட்சை முடிவு வராமல் ரான்ஸ்கிரிப்ட் இல்லை, ரான்ஸ்கிரிப்ட் இல்லாமல் இடம் இல்லை. வந்தவரைக்குமான முடிவுகளை வைத்து இடைக்கால ரான்ஸ்கிரிப்ட் கொடுக்கப் பதிவாளர் பிரிவுக்கு முடியும். யாராவது போய்க் கேட்டு நிற்கவேண்டும்.

அங்கிருந்து பிள்ளைகள் இங்கே வருவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலர் வலயத்தில் ஒரு குளம் எப்படிப் பல ஊர்களை வாழவைக்கிறது என்பதை இரணைமடுவின் வாய்க்கால் ஓரம் நின்று படிப்பதைப் போல ஒரு வகுப்பறையில் படிக்க முடியாது. அதற்குக் கிரெடிட் போட்டு, மதிப்பெண் போட்டு, நேரத்துக்கு ரான்ஸ்கிரிப்ட் அனுப்பினால் அவர்கள் எங்கள் கையெழுத்தை நம்பத் தொடங்குவார்கள். வருகிறவர்களை முதல் நாளே முள்ளிவாய்க்காலுக்கு வாகனத்தில் ஏற்றிப்போய்க் காட்டுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். முதலில் கூட இருந்து சாப்பிடட்டும், பாஷையில் நாலு சொல் பழகட்டும். போகவேண்டிய நேரத்தில் யாராவது கூட்டிக்கொண்டு போவார்கள்.

மாங்குளத்து ஐயாவின் மகனிடம் அங்குள்ள பாடம், இங்குள்ள பாடம், இரண்டு பக்க மணித்தியாலம் என்று ஒரு அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கிறேன். திங்கட்கிழமை துறைத் தலைவரிடம் கொண்டுபோகிறான். கையெழுத்து விழுந்ததும் படம் எடுத்து முதலில் அப்பாவுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அந்த அட்டவணை வேண்டும் என்ற விரிவுரையாளர்கள், பிள்ளைகள் யாராக இருந்தாலும் உள்பெட்டியில் கேளுங்கள், அனுப்புகிறேன்.