குழந்தைகளோடு க்ரூகர் போகிறவர்கள் வேலிக்கு வெளியே தங்குங்கள்

தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவுக்குச் சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள், ஆடம்பர வனவிடுதிகளில் பணத்தைக் கொட்டுவதை விட, பூங்காவை ஒட்டிய மார்லோத் பார்க் என்ற ஊரில் சமையலறையோடு கூடிய ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொள்வதே மேல் என்பது என் கருத்து. செலவு குறையும் என்பது இதற்கு இரண்டாவது காரணம்தான்.

வனவிடுதிகளின் அன்றாட ஒழுங்கு பெரியவர்களுக்காக வகுக்கப்பட்டது. விடியுமுன் எழுப்பித் திறந்த ஜீப்பில் மணிக்கணக்கில் அழைத்துச் செல்வார்கள்; ஆறு வயது நிரம்பாத பிள்ளைகளைப் பல விடுதிகள் அதில் ஏற்றுவதே இல்லை. பூங்கா நிர்வாகம் நடத்தும் சவாரிகளிலும் அந்த வயது வரம்பு உண்டு. அப்பாவோ அம்மாவோ அறையிலேயே காவல் இருப்பதற்கா அவ்வளவு கட்டணம்?

மார்லோத் பார்க், ம்புமலாங்கா மாகாணத்தில், பூங்காவின் தெற்கு எல்லையாக ஓடும் குரோக்கடைல் ஆற்றின் மறுகரையில் இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து என்4 நெடுஞ்சாலையில் ஏறக்குறைய ஐந்து மணி நேரப் பயணம். அங்கே பெரும்பாலான வீடுகளுக்கு மதில் கிடையாது என்பதால் வரிக்குதிரையும் இம்பாலா மானும் கூடூ மானும் வாசலுக்கே வந்துவிடும். முற்றத்துப் புல்லை மேய வரும் வார்ட்ஹாக் என்னும் ஆப்பிரிக்கக் காட்டுப்பன்றி முன்னங்கால்களை மடக்கி முட்டி போட்டபடியே நகர்வதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கும் நான்கு வயதுப் பிள்ளைக்கு வேறு சவாரியே தேவைப்படாது. தூக்கம் வந்தால் உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளலாம், பசித்தால் ரசம் சாதம் தயார். அரிசியும் பருப்பும் மசாலாவும் ஜோகன்னஸ்பர்க்கின் ஃபோர்ட்ஸ்பர்க் பகுதியிலுள்ள இந்தியக் கடைகளில் வாங்கிக்கொண்டு கிளம்புவது உத்தமம். ஒன்றை மறக்க வேண்டாம்: சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்தால் வாழைப்பழம் குரங்குக்குத்தான்.

பூங்காவுக்குள் போகிற நாளில் குரோக்கடைல் பிரிட்ஜ் வாயில் வழியாக நுழைந்து லோயர் சபீ முகாம் வரை போனால் போதும். 34 கிலோமீட்டர்தானே என்று நினைக்கக் கூடாது. தார்ச்சாலையில் வேக வரம்பு 50 கிலோமீட்டர். யானைக் கூட்டம் குறுக்கே வந்தால் அதுவும் இல்லை. இடையில் காரை விட்டு இறங்க அனுமதி இல்லாததால், கழிப்பறை வேலையை வாயிலிலேயே முடித்துக்கொள்வது நல்லது. முகாமுக்கு அருகில் சாலையோரத்திலேயே இருக்கும் சன்செட் அணையில் நீர்யானைகளையும் முதலைகளையும் காருக்குள் இருந்தபடியே பார்க்கலாம்.

போக ஏற்ற காலம், அங்கே குளிர்காலமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. க்ரூகரும் அதன் சுற்றுப்புறமும் மலேரியா பரவும் பகுதி. செப்டம்பர் முதல் மே வரை ஆபத்து கூடுதல் என்பதால், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்த மாதங்களில் அழைத்துப் போக வேண்டாம் என்றே மருத்துவர்கள் சொல்கிறார்கள். குளிர்காலத்தில் புதர்கள் இலையுதிர்ந்து நிற்பதால் விலங்குகளும் எளிதாகக் கண்ணில் படும். இருட்டிய பிறகு மட்டும் மார்லோத் பார்க் தெருவில் நடக்கக் கூடாது. ஆற்றைக் கடந்து சிங்கங்கள் எப்போதாவது வந்துவிடுவதுண்டு.

இவ்வளவு புகழ்ந்த எனக்கு அங்கே பிடிக்காத ஒரு வழக்கம் உண்டு. விருந்தினர் விலங்குகளுக்குப் போடட்டும் என்று பல வீடுகளில் தீவன மூட்டையை வைத்திருக்கிறார்கள். வறண்ட மாதங்களில் புல் இல்லாமல் அவை வாடுகின்றன என்று சொல்லப்படும் நியாயத்தை நான் முழுதும் மறுக்கவில்லை. ஆனால் கையிலிருந்து தின்னப் பழகிய கூடூ, அடுத்த வீட்டுக் குழந்தையின் கையிலும் அதையே எதிர்பார்க்கும். அதன் முறுக்குக் கொம்போ சரியாகக் குழந்தையின் முகத்து உயரத்துக்கு இறங்கும். மேய்ச்சலுக்கு மிஞ்சி மந்தை பெருகினால் கடைசியில் சுட்டுக் குறைக்க வேண்டிய நிலை வருகிறது. அந்த மூட்டையைப் பிள்ளைகள் கண்ணில் படாத இடத்தில் எடுத்து வைத்துவிடுங்கள். திண்ணையில் சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தால், தீவனம் போடாவிட்டாலும் அவை வரத்தான் செய்யும்.