பேரை மாற்றினால் போதாது, தாலியையும் மாற்றுங்கள்

நிஜ மனிதர்கள் சொன்ன அந்தரங்கக் கதைகளைத் தொகுத்துக் காமிக்ஸ் புத்தகம் போட நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது, "எவ்வளவு தூரம் வரையலாம்?" என்பதைத்தான். தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு அது இரண்டாவது கேள்வி. கதை சொன்னது யார் என்று பக்கத்துத் தெரு கண்டுபிடித்துவிடுமா? அதுதான் முதல் கேள்வி.

எழுத்தில் "கழுத்தில் தாலி" என்று இரண்டு சொல்லில் கடந்துவிடலாம். ஓவியர் அப்படி நழுவ முடியாது, ஏதோ ஒரு தாலியை வரைந்தாக வேண்டும். அதன் வடிவத்தையும் கோத்திருக்கும் உருப்படிகளையும் பார்த்தே சாதியைச் சொல்லிவிடுகிற கண்கள் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. ஒரு காதல் திருமணத்தைச் சாக்காக வைத்து 2012 நவம்பரில் தலித் மக்கள் வாழும் நத்தம் காலனியை எரித்த மாவட்டம் தருமபுரி. கயிற்றின் ஒரு கோடு ஜாக்கெட்டுக்குள் இறங்கினால் போதும், மிச்சம் வேண்டாம்.

ஊர்ப்பேர் எழுதிய தண்ணீர் டேங்க், டவுன் பஸ் போர்டு, பள்ளிச் சீருடையின் கட்டம் எல்லாம் இதே வேலையைச் செய்யும். கல்யாண ஆல்பத்தை ஓவியரிடம் ரெஃபரன்ஸுக்குக் கொடுப்பது அதைவிட மோசம். பேர் மாறியிருக்கும், மூக்கு மாறியிருக்காது. வேறு யாரையாவது நிற்க வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அதற்காக எல்லாவற்றையும் மாற்றினால் கதை செத்துவிடும். உதாரணத்துக்கு, கணவருக்கு ஓசூர் கம்பெனியில் நைட் ஷிஃப்ட், வீட்டம்மாவுக்குப் பகல் வேலை, இருவரும் ஒரே பாயில் படுப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றால், அந்த ஷிஃப்ட்தான் கதை. அதில் கை வைக்காதீர்கள். ஊர், வண்டி, பிள்ளைகள் எண்ணிக்கை என்று மூன்று நான்கை மாற்றுங்கள். எதை வைத்து யார் கண்டுபிடிப்பார்கள் என்பது கதை சொன்னவருக்குத்தான் தெரியும், அவரையே கேளுங்கள். கதையில் வரும் இன்னொருவர் நம்மிடம் சம்மதமே சொல்லவில்லை. அவரைத்தான் அதிகம் மாற்ற வேண்டும்.

சம்மதத்தை மூன்று தடவை வாங்கணும். பேசியதை எழுதி முடித்ததும் ஒன்று, பென்சில் ரஃப் வந்ததும் ஒன்று, மை போட்டு எழுத்து வைத்த பிறகு ஒன்று. நடுவில் உள்ளதைத்தான் பலரும் தாண்டிவிடுகிறார்கள். வார்த்தையில் சரி என்றவர், அதையே படமாகப் பார்க்கும்போது "ஐயோ இது வேண்டாங்க" என்பார். பென்சிலில் அது ரப்பர் வேலை. மை போட்ட பிறகு முழுப் பக்கத்தையும் திரும்ப வரையணும். அச்சுக்குப் பிளேட் போடும் நாள் வரை விலகிக்கொள்ளலாம் என்று எழுதியே கொடுத்துவிடுங்கள்.

18 வயதுக்கு முன்பே கல்யாணம் ஆன பெண்கள் இந்த இரண்டு மாவட்டத்திலும் நிறைய. ரெக்கார்டரை ஆன் செய்வதற்கு முன்பே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: 18 வயதுக்குக் கீழ் நடந்த பாலியல் குற்றம் தெரியவந்தால், 2012 போக்சோ சட்டம் 19ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். இதைச் சொல்லாமல் பேச வைத்துவிட்டுப் பிறகு முழிப்பது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் துரோகம். அந்த வயது உடம்பை அந்தரங்க நிலையில் வரையவே கூடாது, கலைநயம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அச்சுக்கு வருவோம். டெம்மி சைஸ், 16 பக்க ஃபாரம் (ஒரே தாளில் சேர்த்து அச்சாகும் பக்கங்கள்) ஆறு என்றால் 96 பக்கம். உடனே எட்டுப் பக்கக் கதை 12 என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். தலைப்பு, உரிமைப் பக்கம், பொருளடக்கம், முன்னுரையை எங்கே வைப்பது? 11 கதை, மீதி எட்டுப் பக்கம் இவற்றுக்கு.

வசன பலூனை பென்சிலிலேயே போட்டுவிடுங்கள். தமிழ்ச் சொல் நீளம், முகம் வரைந்த பிறகு இடம் தேடினால் நெற்றி மேல்தான் ஏறும். செட்டிங்கை மாற்றாமல் பழைய ஃபோட்டோஷாப்பில் யூனிகோடு தமிழை ஒட்டினால் "கொ" உடைந்து கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் நிற்கும்.

இந்த மாதிரிப் புத்தகத்தில் பாதிக் காட்சி ராத்திரி. பளபளப்புப் பூச்சில்லாத மேப்லித்தோ தாள் மையைக் குடிக்கும், திரையில் அழகாகத் தெரிந்த அடர் சாம்பல் அச்சில் கறுப்பாக அப்பிவிடும். சாம்பலைக் குறைத்து, கோடு போட்டு இருட்டைக் காட்டுவது உத்தமம்.

ஒப்பந்தத்தில் காலம் எழுதாவிட்டால் காப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் ஐந்து வருஷம்தான், இடம் எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். இரண்டையும் எழுதுங்கள். கதை சொன்னவருக்கும் ஓவியருக்கும் யாருக்கு எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். பணத்தை ஜிபேயில் அனுப்பிவிட்டு அந்த ஸ்கிரீன்ஷாட்டைக் குழுவில் போட்டால், புனைபெயருக்குப் பட்ட பாடெல்லாம் வீண். குரல் பதிவு கூகுள் டிரைவில் தானாக ஏறுகிறதா என்றும் ஒருமுறை பாருங்கள், வீட்டு டேப்லெட்டிலும் அதே கணக்குதான் இருக்கும்.

கடைசியாக, அச்சகத்தில் மை சரிபார்க்க ஓட்டிய வேஸ்ட் தாள்களை நின்று எண்ணி வாங்கிக்கொண்டு வாருங்கள். விட்டுவிட்டால் பழைய பேப்பர் கடை வழியாக பஸ் ஸ்டாண்ட் டீக்கடைக்குப் போய், நாலு நாளில் போண்டா மடிக்க வந்துவிடும்.