வேண்டாம் என்று எழுதிய தீர்மானம் எங்கே போகிறது?

போன வருஷம் நண்பனின் ஊரில் ஒரு கிராம சபைக் கூட்டத்தில் போய் உட்கார்ந்திருந்தேன். தொழிற்பேட்டைக்கு எங்கள் நிலத்தை எடுக்கக் கூடாது என்று தீர்மானம் வாசித்து முடித்ததும், முன்னால் சம்மணம் போட்டிருந்த ஒரு அம்மா எழுந்து, பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தவரிடம் கேட்டார்: "ஏன் சார், போன தடவையும் வேணாம்னு எழுதிக்கினு போனீங்க. அத யாரு சார் படிக்கிறாங்க?" அவர் பேனாவை மூடிக்கொண்டே "மேல அனுப்பிடுவோம்மா" என்றார். அவரைக் குறை சொல்லவும் முடியாது, அவருக்கும் தெரியாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கீழே வந்து "நீ மட்டும் போன் வச்சிருக்கியே, அது எங்கே செஞ்சது" என்று கேட்பீர்கள். எனக்கு வருஷக்கணக்காகச் சோறு போடுவதே ஒரு தொழிற்பேட்டைதான். தொழிற்சாலை வேண்டாம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. ஆனால் கம்பெனி பஸ்ஸில் தினமும் போகும்போது வேலி போட்டு, போர்டு நட்டு, உள்ளே சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும் மனைகளைப் பார்த்துக்கொண்டேதான் போகிறேன். ஒரு காலத்தில் அதுவும் யாரோ உழுத நிலம்தானே. அது காலியாகக் கிடக்கும்போதே அடுத்த ஊருக்கு நோட்டீஸ் போகிறது என்றால் எரிச்சல் வருமா வராதா?

சரி, அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். வீட்டுக்கு வந்து சட்டத்தைத் தேடிப் படித்தேன். 2013இல் மத்திய அரசு கொண்டுவந்த நிலம் எடுப்புச் சட்டத்தில் சில நல்ல விஷயங்கள் உண்டு. நிலம் எடுக்கும் முன் அந்த ஊரில் சமூகத் தாக்க மதிப்பீடு, அதாவது யாருக்கு என்ன பாதிப்பு என்ற ஆய்வு, செய்ய வேண்டும், மக்களைக் கூட்டிக் கேட்க வேண்டும். தனியார் திட்டம் என்றால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதம், அரசும் தனியாரும் சேர்ந்தது என்றால் 70 சதவீதம் சம்மதம் தர வேண்டும். பல போகம் விளையும் பாசன நிலத்தை வேறு வழியே இல்லை என்றால்தான் தொட வேண்டும் என்றும் அதில் இருக்கிறது.

படிக்கும்போது நன்றாகத்தான் இருந்தது. அப்புறம்தான் தெரிந்தது, தமிழ்நாட்டில் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கப் பயன்படுவது அந்தச் சட்டமே இல்லை, 1997இல் மாநிலம் தனியாகப் போட்ட சட்டம். மத்தியச் சட்டம் வந்த பிறகு அதோடு 105ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, தொழிற்பேட்டைச் சட்டத்துக்கும் நெடுஞ்சாலைச் சட்டத்துக்கும் விலக்கு வாங்கிக்கொண்டார்கள். இழப்பீடும் மறுவாழ்வும் மத்தியச் சட்டப்படி, ஆனால் மக்களைக் கேட்கிற பகுதி மட்டும் கிடையாது. 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் இது செல்லாது என்றது. உடனே சட்டமன்றத்தில் புதுச் சட்டம் போட்டு உயிர் கொடுத்தார்கள், 2021இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்று சொல்லிவிட்டது. 1997 சட்டம் தி.மு.க. ஆட்சியில் வந்தது, விலக்கும் 2019 சட்டமும் அ.தி.மு.க. ஆட்சியில். 2023 ஏப்ரலில் வந்த நில ஒருங்கிணைப்புச் சட்டம், அதாவது பெரிய திட்டங்களுக்காக ஏரி, குளம், ஓடை இருக்கும் இடங்களையும் சேர்த்து வளைக்க வழி செய்கிற சட்டம், அது மறுபடி தி.மு.க. ஆட்சியில், விவாதமே இல்லாமல் நிறைவேறியது. எதிலெதிலோ முட்டிக்கொள்கிறவர்கள் இதில் மட்டும் அண்ணன் தம்பி மாதிரி.

ஆக, அந்த அம்மா சொன்ன "வேணாம்" பதிவேட்டில் இருக்கும். நோட்டீஸ் கொடுக்கிறவர் அதைத் திறந்து பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இதில் எனக்கு வயிறு எரிகிற இடம் வேறு. மேலூர் பக்கம் டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது அரிட்டாபட்டி சுற்றுவட்டார ஊர்கள் கிராம சபையில் தீர்மானம் போட்டன. மாநில அரசே மக்கள் பக்கம் நின்று 2024 டிசம்பரில் சட்டமன்றத்தில் எதிர்த்துத் தீர்மானம் கொண்டுவந்தது, 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ரொம்பச் சந்தோஷம், மனதாரப் பாராட்டினேன். ஆனால் பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் மக்கள் 2022இலிருந்து ஒவ்வொரு கிராம சபையிலும் போட்ட தீர்மானம் எந்த மையில் எழுதியது? செய்யாறு சிப்காட் விரிவாக்கத்துக்கு 3,000 ஏக்கருக்கு மேல் எடுப்பதை எதிர்த்து மேல்மா கிராமத்தில் விவசாயிகள் 2023 ஜூலையில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள், நவம்பரில் 7 பேர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. ஊர் உலகம் காறித் துப்பிய பிறகு சில நாளில் 6 பேர் மீது போட்டதை வாபஸ் வாங்கினார்கள். திட்டம் டெல்லியிலிருந்து வந்தால் விவசாயி, கோட்டையிலிருந்து வந்தால் குண்டர்.

"அதான் நல்ல விலை தர்றாங்களே" என்று சொல்கிற நண்பர்களுக்கு. விலையைக் கணக்குப் போடுவது பத்திரத்தில் பதிவான தொகையையும் வழிகாட்டி மதிப்பையும் வைத்து. நம் ஊரில் பத்திரத்தில் உண்மை விலையை எழுதுகிறவர் எத்தனை பேர்? அதைக்கூட விடுங்கள், பட்டாதாரருக்கு ஏதோ ஒரு தொகை வந்துவிடும். அதே நிலத்தில் வாய்ப்பேச்சில் குத்தகைக்கு உழுகிறவருக்கு எந்தக் காகிதமும் கிடையாது. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்கள், அறுத்த வயலில் ஆடு மேய்க்கிறவர்கள், இவர்கள் எந்த அடங்கலில், அதாவது கிராமத்துச் சாகுபடிக் கணக்கில், இருக்கிறார்கள்? அந்தக் கூட்டத்தில் எழுந்து கேட்ட அம்மாவுக்கும் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லை என்று நண்பன் பிறகு சொன்னான்.

அப்புறம் ஏரி. காஞ்சிபுரம், திருவண்ணாமலைப் பக்கமெல்லாம் ஏரிகள் சங்கிலி மாதிரி. மேல் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாக வழிந்தால்தான் கீழ் ஏரிக்குத் தண்ணீர். நடுவில் ஒரு ஊரின் ஆயக்கட்டை, அதாவது ஏரிப் பாசன நிலத்தை, மேடாக்கிச் சுவர் எழுப்பினால், நோட்டீஸே வராத கீழ் ஊர்க்காரர் கோடையில் காய்வார், மழையில் முழுகுவார். வரைபடத்தில் அவர் ஊர் திட்டத்துக்கு வெளியே இருக்கும், இழப்பீட்டுப் பட்டியலிலும் வெளியேதான்.

பக்கத்து மாநிலத்தில் தேவனஹள்ளியில் 13 கிராமத்துக்காரர்கள் 3 வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து, 2025 ஜூலையில் 1,777 ஏக்கர் எடுக்கும் முடிவைக் கர்நாடக அரசையே கைவிட வைத்தார்கள். அதற்காக அங்கே தொழில் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த 105ஏ விலக்கை எடுங்கள். புது நிலம் கேட்கும் முன் இருக்கிற தொழிற்பேட்டைகளில் எத்தனை ஏக்கர் சும்மா கிடக்கிறது என்று ஊர்க்காரர்கள் முன்னால் கணக்கு வையுங்கள். தேர்தல் நேரத்தில் ஓட்டுக் கேட்டு வருகிற எல்லாக் கட்சிக்காரரிடமும் இதைத்தான் கேட்கப் போகிறேன், நீங்களும் கேளுங்கள்.

இப்படி ஒரு நோட்டீஸ் வரும் என்ற பேச்சு உங்கள் ஊரில் இருந்தால் அடுத்த கிராம சபையைத் தவற விடாதீர்கள். வருஷத்துக்கு ஆறு நடக்கிறது. தீர்மானத்தை முழுசாகப் பதிவேட்டில் எழுதச் சொல்லி, எழுதியதை வாசிக்கச் சொல்லி, அதற்குக் கீழே கையெழுத்துப் போடுங்கள். வெறும் வருகைப் பதிவில் போட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். நகலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நண்பன் ஊரில் முதல் தடவை அதை வாங்காமல் விட்டதால்தான் இப்போது எழுதினோமா இல்லையா என்பதற்கே ஆதாரம் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.